வாரம் மாறும் வண்டி

மே 5, ஞாயிறு

இடது முன்கையில் கட்டு. எழுதுவது வலது கை. ஆகவே எழுதாமல் தப்பிக்க வழியில்லை.

டிராக்டர் இன்றைக்கும் கொதித்து நின்றுவிட்டது. பள்ளத்துத் தோட்டத்தில் மஞ்சள் நடவுக்கு மண்ணைப் பொலபொலப்பாக்க ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை திரும்பும்போதே ரேடியேட்டர் கமறியது. இறங்கி, சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டுத் திருகினேன். எத்தனையோ தடவை செய்த வேலைதான். இன்றைக்கு ஆவி முழங்கை வரைக்கும் அடித்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்து போயின.

வரப்புக்கு அந்தப் பக்கம் மேற்கு வீட்டுக்காரர் நின்றது தெரிந்தது. வரவில்லை. அவருடைய நாய் மட்டும் வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து அண்ணி மூச்சிரைக்க ஓடி வந்தாள், கையில் கற்றாழை மடலோடு. "உங்களுக்கு எப்படிங்கண்ணி தெரிஞ்சுது?" என்றேன். "சத்தங் கேட்டுச்சு கண்ணு" என்றாள். அவர்கள் வீட்டுக்குப் பள்ளத்துத் தோட்டத்துச் சத்தம் கேட்காது. எரிச்சலில் அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

மேற்கு வீட்டுக்காரர் என்றால் நாச்சிமுத்து. என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவர். நான்கு வருடமாக இந்த டைரியில் அவருக்கு இதுதான் பெயர், உறவுமுறை எழுதுவதாக இல்லை. அப்பா போன பிறகு தோட்டத்தில் என் பங்கைக் கேட்டேன். சட்டம் கொடுக்கிறதைத்தான் கேட்டேன். "சீர் செஞ்சு அனுப்புன பொறவு என்ன பங்கு?" என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்துவிட்டார்கள். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவருக்கு. டிராக்டரை நடுவில் அறுக்க முடியாதே! கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல அதற்கும் முறை வைத்தார்கள். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு டீசலும் ரேடியேட்டர் தண்ணீரும் நிரப்பிக் கிணற்றடிச் சாளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, சாவியை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட வேண்டும். வண்டி வேலைக்கு ஆகாமல் போனால் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் விற்கச் சொல்லலாம் என்றும் பேச்சு.

இன்றைக்கு என் முறையின் கடைசி நாள். என் கணவர் டூட்டி முடிந்து வந்து, ஆறின வண்டியை மெல்ல ஓட்டிப்போய் நிறுத்தினார். நான் சாவியை மாட்டினேன். கை எரிகிறது.

மே 6, திங்கள்

எதிர்பார்த்ததுதான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிணற்றடிக்குப் போனேன். மேற்கு வீட்டுக்காரர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நேராகப் பேசுவதில்லை, சாடைதான். அவர் நாயிடம் சொல்வார், எனக்குக் கேட்கும். நான் மாட்டிடம் சொல்வேன், அவருக்குக் கேட்கும். நான்கு வருடத்தில் அந்த நாய்க்குச் சட்டம், விவசாயம், குடும்ப கௌரவம் எல்லாம் அத்துப்படி ஆகியிருக்கும்.

"ராக்கெட்டு, இந்த வண்டி ஆடி வரைக்குந்தான். கோயமுத்தூர்ல ஓட்டல்காரரு ஒருத்தரு வாசல்ல நிறுத்திப் பூந்தொட்டி வெக்கக் கேக்கறாரு. இன்னொருக்கா காட்டுக்கு நடுவுல கொதிச்சு நின்னுச்சுன்னா குடுத்தர்றது. ஆளக் கொல்ற வண்டி நமக்கெதுக்கு?"

நான் செவலையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னேன். "பூந்தொட்டி வெக்கறாங்களாமா, கேட்டியாடி செவல? இது ஓடும். ஆடியிலயும் ஓடும், அதுக்குப் பொறவும் ஓடும். ஓட்டிக் காட்டறனா இல்லையான்னு பாரு!"

ராக்கெட்டு கொட்டாவி விட்டது. பேர்தான் ராக்கெட்டு. படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்க அதற்கு அரை நாள் வேண்டும்.

மே 8, புதன்

இவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் சில்லறைக் கணக்குத்தான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "வாடகைக்குப் புது வண்டி கூப்புட்டா ஒரே நாள்ல சோலி முடியுது. கையும் வேகாது. அறுபது வருசத்து வண்டிய எதுக்கு இப்படிக் கட்டிகிட்டு அழுகற?"

"வாடகைக்காரன் நம்ம அவசரத்துக்கு வரமாட்டான்" என்றேன்.

"போன வருசம் போன் போட்டதும் வந்தானே?"

"வரப்பெல்லாம் இடிச்சுட்டுப் போனான்."

ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "போர் போட்டதிலிருந்து கெணத்துத் தண்ணியும் உனக்கு வேண்டியதில்ல. இந்த வண்டியும் போயிருச்சுன்னா கெணத்தடிப் பக்கம் நீ போறதுக்கே வேலையிருக்காது" என்றார்.

"இல்லாட்டிப் போகுது. எனக்கென்ன நட்டம்?"

"அதத்தான் நானுங் கேக்கறேன்."

நான் மோர் ஊற்றவில்லை. அவரே எழுந்து போய் எடுத்து ஊற்றிக்கொண்டார்.

மே 14, செவ்வாய்

என் முறை. மெக்கானிக் துரைராஜ் வந்தான். முக்கால் மணி நேரம் பேசுவான், கால் மணி நேரம் ஸ்பேனரைப் பிடிப்பான். ஆனால் இன்றைக்கு அவன் சொன்னது புரிந்தது.

இந்த வண்டிக்குத் தண்ணீர் பம்ப்பே கிடையாது. இன்ஜினில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், அங்கே ஆறித் தானாகக் கீழே இறங்கும். சீமைக் குளிருக்கும் லேசான கொத்துக் கலப்பைக்கும் அது போதும். நம் ஊர் வெயிலில் ரோட்டவேட்டர் மாட்டி இழுத்தால் எப்படித் தாங்கும்? "தண்ணி தானா நடக்குதுங்க்கா. நாம அத ஓட வெக்கோணும்" என்றான்.

ஆகவே இன்ஜின் முகப்பில் ஒரு பம்ப் மாட்டப் போகிறோம். ஃபேன் பெல்ட்டே அதையும் சுற்றும். பழைய ரேடியேட்டர் குழாயெல்லாம் உப்புப் படிந்து பாதி அடைத்துக் கிடந்தது. ஈரோட்டில் கொடுத்து உள்ளே கனமான புதுக் கூடு வைத்து வாங்க வேண்டும். சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் ஒன்று. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள். அப்புறம் அழுத்தம் தாங்குகிற புது மூடி.

நான் சரி என்றேன். இவர் விசில் அடித்துக்கொண்டே போனார். பஸ்ஸில்கூட அவர் இவ்வளவு அடிப்பதில்லை.

மே 18, சனி

மாட்டியாகிவிட்டது!

துரைராஜ் பழைய பெல்ட்டையே போட்டான். "இது நெம்ப ஸ்ட்ராங்குங்க்கா. நாய் கடிச்சாலும் அறாது" என்றான். செலவு ஏற்கெனவே எகிறிவிட்டது, நானும் சரி என்று விட்டேன்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் புதுப் பாடம். வெறும் தண்ணீர் கூடாது. பச்சை நிறத்தில் கூலன்ட் மருந்து கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் துருப்பிடிக்கும். முன்புபோல வாய் வரைக்கும் ஊற்றி மூடியைப் போட்டுவிடவும் முடியாது. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் நிறைந்திருக்கும், இன்ஜினுக்குள்ளே தண்ணீர் ஓடாது. அதற்காக மேலே சின்னதாக ஒரு காற்று போல்ட் வைத்திருக்கிறான். அதைத் தளர்த்திக்கொண்டு ஊற்ற வேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தர் மெல்ல ஊற்ற, அந்தப் பக்கம் ஒருத்தர் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் குமிழியாக வரும். பிறகு நூல் பிடித்ததுபோலத் தண்ணீர் மட்டும் வரும்போது "போதும்" என்று சொல்லி இறுக்க வேண்டும். இவர் ஊற்றினார், நான் பார்த்தேன்.

"சூட்டுல மட்டும் இந்த மூடியத் தொறந்துராதீங்க்கா. பழசாவது கையச் சுடும். இது அழுத்த மூடி, மூஞ்சிக்கே வந்துரும்" என்றான். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மத்தியான வெயிலில் பள்ளத்துத் தோட்டம் முழுவதும் ரோட்டவேட்டர் ஓட்டினேன். முள் நடுவை விட்டு நகரவே இல்லை. எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, சிரித்தேன். யார் இருக்கிறார்கள் கேட்க!

மே 27, திங்கள்

என்ன சாபமோ தெரியவில்லை.

போன வாரம் முழுக்க மேற்கு வீட்டுக்காரர் ஓட்டினார். ஒரு கமறல் இல்லை. இன்றைக்குக் காலையில் என் முறை. சாளையிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் இறங்குவதற்குள் முள் சிவப்பில் நிற்கிறது. நானே அணைத்துவிட்டேன். நானாக அணைத்தால் அது நின்றதில் சேராது. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

துரைராஜுக்குப் போன் போட்டேன். "காத்து அடச்சிருக்கும்க்கா" என்றான். நிரப்பியிருக்கிற ரேடியேட்டருக்குள் எங்கிருந்து வரும் காற்று? இவர் வரும் வரைக்கும் காத்திருந்து, போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தோம். இருட்டில் தண்ணீரின் நிறத்தை யார் பார்த்தார்கள்?

ஜூன் 10, திங்கள்

மறுபடியும். என் முறை, திங்கட்கிழமை காலை, சிவப்பு முள்.

இந்தத் தடவை ஆறவிட்டு, பகல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். பச்சை இல்லை. கண்ணாடி மாதிரி வெறும் தண்ணீர். முந்தின வார ஞாயிற்றுக்கிழமை முறை மாற்றும்போது நான் ஊற்றிக் கொடுத்த மருந்தெல்லாம் போச்சு! யாரோ ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து மொத்தத்தையும் விட்டுவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. இந்த வண்டியைத் தொடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

தன் முறையில் நன்றாக ஓட வேண்டும், என் முறையில் கொதிக்க வேண்டும், ஆடியில் பூந்தொட்டி வைக்க வேண்டும். புரிந்துவிட்டது. பங்கு கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

அவர் மோட்டார் போட வரும் நேரம் பார்த்து மாட்டை ஓட்டிப் போனேன்.

"ஏண்டி செவல, சில பேரு பெரிய மனுசனாட்டம் துண்டப் போட்டுட்டுத் திரியறாங்க. அடுத்தவிய பொருள்ல கை வெக்கறதுக்கு வெக்கமில்ல. ராத்திரி எப்படித் தூக்கம் வருதோ!"

சாடையில் பொருளின் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் சண்டையாகிவிடும். குத்த வேண்டும், எதற்குக் குத்தினோம் என்பதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். அவர் முகம் கறுத்துப்போனது. மோட்டாரைப் போடாமலே போய்விட்டார்.

நன்றாக வேண்டும்.

ஜூன் 12, புதன்

காலையில் பார்த்தால் வரப்பின் மேல் தேங்காய் குவித்து வைத்திருக்கிறது. நடு வரப்பில் நிற்கிற பொதுத் தென்னையில் விழுந்த காய்கள். பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று பேச்சு. இத்தனையும் சேர்த்தால் அவர் பாதியும் இதில்தான் இருக்கிறது. நான் தேங்காயைப் பற்றி என்ன சொன்னேன்? அந்த மனுசனுக்குப் பைத்தியமா?

எடுத்துவந்து உள்ளே போட்டேன். சும்மா கிடந்து முளைக்கவா?

ஜூன் 20, வியாழன்

அவருடைய முறை. வண்டி ஒரு கமறல் இல்லாமல் ஓடுகிறது. சத்தத்திலேயே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடிக்கிறேன். பிடித்த பிறகு மாடும் வேண்டாம், நாயும் வேண்டாம். ஊரைக் கூட்டிக் கேட்டுவிடலாம்.

ஜூன் 23, ஞாயிறு

எழுதத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாளையை ஒட்டி என் கரும்பு. மத்தியானம் சாப்பிட்டதும் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். சோகை, அதுதான் காய்ந்த கரும்புத் தோகை, முகமெல்லாம் அறுத்தது. இந்த வயதில் சொந்தக் கரும்புக்குள்ளேயே திருடிபோல ஒளிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் வண்டி வந்து நின்றது. டீசல் ஊற்றினார். இன்ஜின் ஆறும் வரைக்கும் சக்கரத்து மண்ணையெல்லாம் குச்சியால் சுரண்டினார். முறை மாற்றும்போது மண் எடுக்க வேண்டும் என்று பேச்சில் கிடையாது. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். ராக்கெட்டு பக்கத்தில் படுத்திருந்தது.

"இன்னைக்கும் பாருடா, பச்சப் பசேல்னு கெடக்குது. பாசி. தண்ணி மாத்தக்கூட நேரமில்ல அவளுக்கு. பாவம், அவரு பஸ்ஸுக்குப் போயிர்றாரு. ஒண்டியா எத்தனையத்தான் பாப்பா?"

ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்துவிட்டார். என் மருந்தெல்லாம் வாய்க்காலில் ஓடியது. நான் எழுந்திருக்கப் போனேன், எழுந்திருக்கவில்லை. அவர் மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து இரண்டு குடம் எடுத்துவந்தார். கிணற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர் எடுத்துவந்தது வீட்டுக் குடம். ஊர்க் குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வருகிற ஆற்றுத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர். அதைத் துணியில் வடிகட்டி, சிந்தாமல் ஊற்றினார்.

"நம்ம மொறைக்கு என்னமோ ஒண்ணு ஊத்தி ஓட்டிக்கலாம். உப்புத் தண்ணி ஊத்துனா இவளுக்குத்தான் கொதிக்கும். பள்ளத்துத் தோட்டத்துல நின்னு போச்சுன்னா தண்ணி கொண்டுபோய்க் குடுக்க ஆரு இருக்கறா? கை வெந்து கத்துனாளே, கேட்டியல்ல? ஓடிப் போயிருக்கலாம். காலு வரல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? அதான் வித்துப் போடலாங்கறேன். விடமாட்டீங்கறா. பெறந்ததிலிருந்து அதே அடம்." இரண்டாவது குடத்தைச் சாய்த்துக்கொண்டே, "தேங்கா திருடீட்டன்னு வேற நெனைச்சுட்டிருக்கறா" என்றார்.

வாய் வரைக்கும் நிரப்பி, மூடியைப் போட்டுத் துடைத்துவிட்டு, சாவியை மாட்டிவிட்டுப் போனார். காற்று போல்ட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. யார் சொன்னார்கள், தெரிவதற்கு?

நான்கு வருடமாக அந்த நாயிடம் பேசியதெல்லாம் எனக்காகப் பேசியது. இன்றைக்குத்தான் நாயிடமே பேசினார்.

கரும்புக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "மூஞ்சியெல்லாம் என்ன கோடு கோடா?" என்றார். சோகை அறுத்தது என்றேன். பொய்யில்லை.

ஜூன் 24, திங்கள்

இவர் டூட்டிக்குப் போகும் முன்னால் தண்ணீரை மாற்றி, காற்றை எடுத்தோம். இறக்கின தண்ணீரை வாய்க்காலில் விட மனமில்லை. பாத்திரத்தில் பிடித்துச் செம்பருத்திக்கு ஊற்றினேன். "பழைய தண்ணியப் புடிச்சு எதுக்கு வெக்கற?" என்றார்.

ஜூன் 27, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தேங்காயில் பாதியைத் திரும்ப வரப்பில் வைத்துவிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கிணற்றடியில் அண்ணனைப் பார்த்ததும் வாய் பழைய வழியிலேயே போய்விட்டது. மாட்டின் பக்கம்தான் திரும்பினேன்.

ஆனால் இந்தத் தடவை பேர் சொல்லிச் சொன்னேன்.

"செவல, ரேடியேட்டர்ல பச்சையா இருக்குதே, அது பாசியில்ல. கூலன்ட்டு. மருந்து. கீழ தொறந்து விடக் கூடாது. கொறைஞ்சா மோட்டார் ரூம்ல வெச்சிருக்கற கேன்ல இருந்து ஊத்தோணும். ஊத்தறப்ப மேல சின்ன போல்ட்டத் தளத்தோணும், இல்லாட்டி உள்ள காத்து அடச்சுக்கும். காத்து அடச்சாத்தான் கொதிக்குது. வேற ஆரும் ஒண்ணும் பண்ணல." அப்புறம், "தேங்காயப் பத்தி இங்க ஆரும் ஒண்ணும் பேசல" என்றேன்.

செவலை புல்லைத் தின்றுகொண்டே இருந்தது. அண்ணன் வெகு நேரம் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படித் தெரிந்தது என்று யோசித்திருப்பார். கரும்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. நாயைக்கூடக் கூப்பிடாமல் போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 3, புதன்

அண்ணனுடைய முறை. வரப்போரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்துக் காட்டில் ரோட்டவேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டப் என்று ஒரு சத்தம். வண்டி இன்னும் ஒரு நடை போனது. அப்புறம் சத்தம் மாறிவிட்டது. அந்தக் கமறல் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ரேடியேட்டரின் ஓரக் குழாயில் ஆவி சீறியது.

வண்டி நின்றது. காட்டுக்கு நடுவில்.

அண்ணன் இறங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கை எடுத்தார். நாலாக மடித்தார். முன்னால் போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சையைச் சொன்னேன், போல்ட்டைச் சொன்னேன், மூடியைச் சொல்லவில்லை. அழுத்த மூடி. அவருக்கு அது பழைய மூடி. சாக்கைப் போட்டு, முகத்தைக் கிட்ட வைத்துத்தான் அவர் எப்போதும் திருகுவார்.

புல்லறுக்கிற அரிவாளை எங்கே போட்டேன் தெரியாது. வரப்பைத் தாண்டி ஓடினேன்.

"அண்ணா! தொறக்காதீங்! அண்ணா! கைய எடுங்!"

கை மூடியின் மேல் நின்றது. திரும்பினார். பழக்கத்தில் அவர் கண் நாயைத் தேடியது. அது தூரத்தில் வேப்ப மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"ஏன்?" என்றார்.

"அது அழுத்த மூடிங்ணா. சூட்டுல தொறந்தா மூஞ்சியே வெந்துரும்."

சாக்கைக் கீழே போட்டார். என் முன்கையைப் பார்த்தார். தோல் புதிதாக வெளுத்து வந்திருக்கிறது.

"கை எப்படி இருக்குது?"

"சரியாயிருச்சுங்."

அவர் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இன்ஜின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கியது. நாய் கடிக்காமலே அறுந்துவிட்டது. பெல்ட் போனால் ஃபேனும் இல்லை, பம்ப்பும் இல்லை.

மனசுக்குள் பூந்தொட்டிதான் ஓடியது. மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். "காட்டுக்கு நடுவுல நின்னு போச்சுங்ணா. ஆடிக்கு முன்னாலயே."

அண்ணன் அறுந்த பெல்ட்டை உருவிக் கையில் சுற்றினார்.

"நின்னத ஆரு பாத்தா?" என்றார். "ராக்கெட்டுகூடத் தூங்குது."

ஜூலை 4, வியாழன்

மோட்டார் ரூம் ஆணியில் சாவிக்குப் பக்கத்தில் புதுப் பெல்ட் இரண்டு தொங்குகிறது. ஒன்று மாட்ட. ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்க.

ஜூலை 7, ஞாயிறு

பொழுதோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன். மாட்டுக்குத் தாகம் இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

அண்ணன் கூலன்ட் கேனோடு நின்றுகொண்டிருந்தார். பெல்ட் மாட்டியிருந்தது. கொதித்ததில் குறைந்துபோன தண்ணீரை நிரப்ப வேண்டும். தனியாகவே நிரப்பியிருக்கலாம் என்று நினைத்தேன். அவர் ஸ்பேனரை என் பக்கம் நீட்டினார்.

"எந்த போல்ட்டு அம்மிணி?"

இதற்கு முன்னால் கடைசியாக என்னை அப்படிக் கூப்பிட்டது அப்பா போன அன்றைக்கு. விரலால் போல்ட்டைக் காட்டினேன்.

"ஒருத்தரே ஊத்திட்டுப் பாத்துக்க முடியாதா?"

"முடியாதுங்ணா. ஒருத்தரு ஊத்தோணும், ஒருத்தரு பாத்துச் சொல்லோணும்."

"என்னன்னு?"

"போதும்னு."

அவர் அந்தப் பக்கம் ஏறி நின்று ஊற்ற ஆரம்பித்தார். எங்களுக்கு நடுவில் இன்ஜின் மூடி. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "வருதா?" என்றார். "காத்துத்தான் வருது" என்றேன். போல்ட்டின் வாயில் குமிழி பொத்துப் பொத்து என்று வந்தது. "இப்ப?" "இன்னும் காத்துதானுங்." "கரும்பு எப்ப வெட்டறீங்க?" "தையில." "சோகை மூஞ்சிய அறுத்துருச்சாமா? கண்டக்டரு சொன்னாரு." நான் போல்ட்டின் மேல் இன்னும் குனிந்துகொண்டேன். அந்தப் பக்கம் லேசாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "பூந்தொட்டிக்காரருகிட்ட வேற வண்டி பாத்துக்கச் சொல்லீட்டேன்" என்றார்.

குமிழி நின்றது. பச்சையாக நூல் பிடித்ததுபோல வந்தது, நடுவில் அறுபடவே இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"வருதா அம்மிணி?"

"கொஞ்சம் காத்து இருக்குதுங்ணா" என்றேன். அவர் ஊற்றிக்கொண்டே பேசினார். மருந்து என் விரலில் வழிந்து சாளை மண்ணில் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போதும் என்று சொன்னேன்.